ஏர் கூலர்: இரண்டு கோடைகளுக்குப் பின் எழுதும் மதிப்புரை

மொட்டை மாடிக்கு நேர் கீழே, 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையில், 60 லிட்டர் தொட்டியுள்ள ஏர் கூலர் ஒன்றை இரண்டு கோடைகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய முதல் வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருந்தால் இந்த மதிப்புரை வெறும் வசையாக முடிந்திருக்கும். அந்த வாரத்துத் தவறு முழுக்க என்னுடையது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏசி அறையில் இருந்து பழகிய கை, கூலரைப் போட்டதும் கதவையும் ஜன்னலையும் இறுக மூடியது. முதல் இருபது நிமிடங்கள் சுகமாகவே இருந்தன. ஒரு மணி நேரம் கழிந்ததும் படுக்கை விரிப்பு பிசுபிசுத்தது. மேசைமேல் இருந்த செய்தித்தாள் துணிபோலத் துவண்டது. காற்று முகத்தில் அடித்தும் வியர்வை காயவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானி 82 சதவீதத்தைக் காட்டியது. இயந்திரம் பழுது என்று முடிவுகட்டி, புகார் கொடுத்து, ஆளை வரவழைத்தேன். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கூலருக்கு எதிர்ப்புறம் இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டு, "உள்ளே வருகிற காற்று வெளியே போக வழி வேண்டாமா சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு கூலரை நகர்த்தி, அதன் முதுகுப்புறம் இன்னொரு ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படி வைத்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அறை வேறு அறையாகிவிட்டது.

ஏசி, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத் திரும்பத் திரும்பக் குளிரவைத்து, அதிலுள்ள ஈரத்தையும் நீராக வடித்து வெளியேற்றுகிறது. கூலர் செய்வதோ கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது. கூலரின் பக்கவாட்டில், பம்பு ஏற்றும் நீர் சொட்டி ஊறிக்கொண்டிருக்கும் திணிப்புக்குப் பேட் என்று பெயர். நனைந்த பேடின் வழியாக வறண்ட காற்று நுழையும்போது, பேடிலுள்ள நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இந்த விதத்தில்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. ஆனால் காற்று குளிரும் அளவுக்கு அதில் ஈரமும் ஏறுகிறது. ஏறிய ஈரத்தோடு அதே காற்று மறுபடியும் பேடுக்குள் நுழைந்தால் இரண்டாவது சுற்றில் ஆவியாக இடமிருக்காது. ஆகவே வெளியிலிருந்து புதிய வறண்ட காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும், அறையைக் கடந்த ஈரக்காற்று மறுபக்கமாக வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத அறையில் எவ்வளவு நல்ல கூலரை வைத்தாலும் அது ஈரம் பரப்பும் பெட்டியாகத்தான் இருக்கும்.

எதிர்ப்புற ஜன்னலை எவ்வளவு திறப்பது என்பதைப் பழக்கத்தில் கண்டுகொண்டேன். ஒரு மீட்டர் உயரமுள்ள ஜன்னல் கதவு என் அறைக்கு ஒரு சாண் அளவு திறந்திருந்தால் போதும். ஒரு தாளை அந்த ஜன்னலின் கொசுவலைக்கு அருகே பிடித்தால் அது வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் தொங்கினால் காற்று வேறு எங்கோ கசிகிறது என்று பொருள். அறைக் கதவு தானாகத் தள்ளப்பட்டு முனகினால் திறப்பு போதவில்லை. ஜன்னலை முழுவதும் திறந்துவிட்டாலும் சரிப்படவில்லை. வெளியே காற்று வீசும் நாட்களில் அனல் எதிர்த்து உள்ளே வந்துவிடுகிறது.

எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. அது அன்றைய காற்றின் வறட்சியைப் பொறுத்தது. கடந்த கோடையில் ஒரு பிற்பகல் அளந்து பார்த்தேன். வெளியே நிழலில் 39 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 18 சதவீதம். அந்த நிலையில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 21 டிகிரி. நீர் ஆவியாவதை மட்டும் நம்பியிருக்கும் இத்தகைய கூலர் எதுவும் அதற்குக் கீழே காற்றைக் குளிர்விக்க முடியாது. என் கூலரின் வாயில் 25.5 டிகிரி இருந்தது. அதாவது இயற்கை அனுமதிக்கும் இறக்கத்தில் நான்கில் மூன்று பங்கை இந்த இயந்திரம் எட்டிப் பிடிக்கிறது. அறையின் நடுவே 28.5 டிகிரியும் 58 சதவீத ஈரப்பதமும் இருந்தன. அனலடிக்கும் மாடிக் கூரைக்குக் கீழே இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே இயந்திரம், 34 டிகிரி வெயிலும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் 29 டிகிரிக் காற்றைத்தான் தரும். வெப்பமானி பார்த்தால் அன்று வெயில் குறைவு; ஆனால் கூலருக்கு அது மோசமான நாள். மழை மேகம் திரண்ட நாட்களில் நான் பம்பை நிறுத்திவிட்டு வெறும் மின்விசிறியாக ஓட்டுகிறேன்.

பெட்டியின் மேல் மணிக்கு 3,500 கன மீட்டர் காற்று என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. காற்றை அளக்கும் கருவி என்னிடம் இல்லை என்பதால் தண்ணீரை வைத்துக் கணக்கிட்டேன். மேலே சொன்ன பிற்பகலில் 12 மணி முதல் 6 மணி வரை 45 லிட்டர் குறைந்தது, அதாவது மணிக்கு 7.5 லிட்டர். அவ்வளவு நீர் ஆவியாகி, காற்றை 13.5 டிகிரி இறக்கியிருக்கிறது என்றால், பேடின் வழியாகப் போன காற்று மணிக்குச் சுமார் 1,200 கன மீட்டர்தான். பேடும் ஜன்னலும் தடுக்காத வெற்று விசிறியை அளந்து அச்சிட்ட எண் அது என்று நினைக்கிறேன். ஆயினும் 36 கன மீட்டர் கொள்ளும் என் அறைக்கு 1,200 தாராளம். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறிவிடுகிறது. வாங்க நினைப்பவர்கள் அறையின் நீள அகல உயரத்தைப் பெருக்கி, அதை 30-ஆல் பெருக்கி, அச்சிட்ட எண் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

இதே கணக்கை இன்னொரு அடி நீட்டினால் கூலரின் பலவீனமும் தெரியும். மணிக்கு 7.5 லிட்டர் நீர் ஆவியாவது என்பது 5 கிலோவாட் குளிர்விப்புக்குச் சமம்; ஒன்றரை டன் ஏசிக்கு ஏறத்தாழ ஈடு என்று விற்பவர்கள் சொல்லலாம். ஆனால் அதில் பெரும்பகுதி, வெளியிலிருந்து வரும் 39 டிகிரிக் காற்றை 25.5-க்குக் கொண்டுவருவதிலேயே செலவாகிவிடுகிறது. அந்தக் காற்று 28.5 டிகிரியில் வெளியேறும் வரை அறையிலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பம் ஒரு கிலோவாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பேச்சில் மறைந்துபோகும் இந்த வேறுபாடு, மேற்குச் சுவரில் வெயில் அறையும் மாலை நான்கு மணிக்கு உடம்புக்குத் தெரிகிறது. மறுபுறம், பம்பையும் சேர்த்து இது எடுக்கும் மின்சாரம் 190 வாட். ஆறு மணி நேரம் ஓடினால் 1.14 யூனிட். ஏசி அதே ஆறு மணி நேரத்தில் எவ்வளவு எடுக்கும் என்பது மின்கட்டணம் கட்டுபவர்களுக்குத் தெரியும்.

இந்த இயந்திரத்தில் வீணான ஒரு பகுதி உண்டு என்றால் அது மேல்மூடிக்குள் இருக்கும் ஐஸ் தட்டு. விளம்பரத்தில் அதற்குத்தான் முதலிடம். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் போதும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதில் ஏழில் ஒரு பங்கு. தட்டு கொள்ளும் இரண்டு கிலோ ஐஸை இட்டு நிரப்பினால், பேட் சாதாரணமாக இரண்டு நிமிடத்தில் செய்யும் வேலையைத்தான் அது கூடுதலாகச் செய்யும். அந்த ஐஸை உறையவைக்க ஃப்ரிட்ஜ் வீட்டுக்குள் அதைவிட அதிக வெப்பத்தை ஏற்கனவே கக்கியிருக்கும். இரண்டு நாட்கள் பரிசோதித்துவிட்டு அந்தத் தட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

உண்மையில் கவனிக்க வேண்டியது பேடை. முதல் கோடையில் மரச்சீவலை வலையில் திணித்த பேட் வந்தது. புதிதில் நன்றாகவே வேலை செய்தது, பச்சை மரத்தின் வாடை மட்டும் நான்கைந்து நாட்கள் அடித்தது. இரண்டாவது மாதத்தில் சீவல் கீழே சரிந்து, மேல் விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அதன் வழியாக அனல் காற்று நனையாமலே உள்ளே புகுந்தது. இரண்டாவது கோடைக்குத் தேன்கூடு வடிவ அட்டை பேட் மாற்றினேன். மேலே தந்த அளவுகள் அதை வைத்து எடுத்தவை. அது சரிவதில்லை. ஆனால் நீர் சொட்டும் குழாயின் துளைகளில் ஒன்று அடைத்தால்கூட, அதற்கு நேர் கீழே பேடில் வெளிறிய, காய்ந்த பட்டை ஒன்று தோன்றிவிடும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சூடாக இருக்கும். வாரம் ஒருமுறை ஊசியால் துளைகளைக் குத்திவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

துளைகள் அடைக்கக் காரணம் உப்பு. ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருப்பது அனைத்தும் தொட்டியிலேயே தங்குகிறது. என் வீட்டு நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்புகள் இருக்கின்றன. ஒரு பிற்பகலில் 45 லிட்டர் ஆவியானால் 27 கிராம் மிஞ்சும். காலியான அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே போனால் சில நாட்களில் தொட்டி நீர் உவர்நீராகி, பேடில் வெள்ளைப் படலம் ஏறுகிறது. எனவே மூன்று நாட்களுக்கு ஒருமுறை மிச்ச நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கொட்டும் நீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினேன். மூன்றாவது வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. இப்போது அது கழிப்பறைக்குப் போகிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீடுகளில் நாளுக்கு 45 லிட்டர் என்பதை மின்சேமிப்போடு சேர்த்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும். வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும் இயந்திரம், வறண்ட ஊரிலேயே அரிதான பொருளைக் குடிக்கிறது என்பது இதன் பெரிய முரண்.

தேங்கிய நீர் என்றால் கொசுவும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் முட்டையிடுகிறது. நீரைக் கொட்டிக் காயவைத்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோடையில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் தவறாமல் தொட்டியைக் காலி செய்து, உட்சுவரை நார் கொண்டு தேய்த்துக் கழுவுகிறேன். இங்கே இந்த மாதிரியின் வடிவமைப்பு எரிச்சலூட்டுகிறது: வடிகால் மூடி தொட்டியின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருப்பதால், கடைசி இரண்டு லிட்டர் தானாக வடியாது; இயந்திரத்தைச் சாய்த்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். வடிவமைத்தவர் ஒருமுறையாவது இதைக் கழுவியிருக்க மாட்டார்.

ரிமோட், மூன்று வேகங்கள், ஒளிரும் பலகை ஆகியவை பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அதிக வேகத்தில் தொலைபேசியில் பேச முடியாத அளவுக்கு இரைச்சல். நடு வேகத்தில் தூங்க முடிகிறது. முதலில் பம்பை மட்டும் ஓட்டி, ஐந்து நிமிடம் பேட் ஊறிய பிறகு விசிறியைப் போட்டால் தொடக்கத்தில் வரும் அனலைத் தவிர்க்கலாம். நிறுத்தும்போது பம்பை முதலில் நிறுத்தி, விசிறியை அரை மணி நேரம் ஓடவிட்டால் பேட் காய்ந்து நாற்றம் பிடிக்காது. நீர் ஊற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது கட்டாயம்; உலோக உடல் உள்ள மாதிரி என்றால் எர்த் இணைப்பைச் சோதிக்காமல் வாங்கவே கூடாது.

கீழ்வீட்டுக்காரர் போன மாதம் மேலே வந்து, அரை மணி நேரம் இந்த அறையில் உட்கார்ந்துவிட்டு, தம் அம்மா படுக்கும் நடு அறைக்கு இதே மாதிரியை வாங்கப்போவதாகச் சொன்னார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு திறப்பதும் கூடத்துக்குள்தான். வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடியது. பிறகு கூடத்து ஜன்னலில் கூலரைப் பொருத்தி, அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். நேற்று போயிருந்தபோது எதிர் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.