வடிகாலா, ஏரியா? ஒரு கிராம ஊராட்சி தன் பணத்தை எதில் போடுவது

காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வார்டு உறுப்பினராகத் தேர்வாகி மன்றத்தில் உட்கார்ந்த ஒரு மாதத்திற்குள் பாலாறு கரைபுரண்டு ஓடியது. எங்கள் ஊரிலும் தாழ்ந்த தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்து வந்த கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இரண்டு முன்மொழிவுகள் எங்கள் முன் இருந்தன. தெருக்களில் காங்கிரீட் மழைநீர் வடிகால் கட்டுவது ஒன்று. ஊருக்கு மேற்கே உள்ள சிற்றேரியின் வரத்துக்கால் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்), மதகு (வயலுக்கு நீர் திறந்துவிடும் வாயில்) ஆகியவற்றைச் சீர்செய்து தூர்வாருவது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. நாங்கள் ஏரியைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் ஏரியின் பக்கம் சாய்ந்தே இருக்கும்; இதே கேள்வியோடு நிற்கும் மற்ற ஊராட்சிகளுக்குக் காரணங்களைத் தெளிவாக வைப்பதுதான் நோக்கம்.

வடிகாலுக்கு உள்ள எளிமைகளைப் பலரும் அறிவார்கள். மதிப்பீடு போடுவது சுலபம், ஒப்பந்தம் விடுவது சுலபம், சில வாரங்களில் வேலை முடிந்து கண்ணுக்குத் தெரியும், வாசலில் நிற்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்பவருக்குக் காட்டுவதற்கு ஒன்று கிடைக்கும். ஏரி வேலைக்கு இவை எதுவும் இல்லை; ஒரு பருவமழை வந்து போகும் வரை செய்ததற்கு அடையாளமே தெரியாது.

ஆனால் நாம் எதற்காகத் திட்டமிடுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், இடையில் நீண்ட நாள் வறண்டு கிடப்பதும் கூடுகின்றன. கடந்த சில ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தாலே போதும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மறு ஆண்டே, 2016இல், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே பத்தாண்டுக்குள், ஒரே மாநிலத்தில் வந்திருக்கின்றன. வடிகால் இதில் பாதிக்குத்தான் பதில் சொல்கிறது; வந்த நீரை வேகமாக வெளியேற்றிவிட்டு, ஏப்ரலில் அடிபம்பு வறண்டால் அதற்கு அதனிடம் பதில் இல்லை.

வெள்ளத்திற்கு மட்டும் என்று பார்த்தாலும் கணக்கு வடிகாலுக்குச் சாதகமாக இல்லை. இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள ஒரு தெரு வடிகால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் விளிம்பு வரை நிறைந்து ஓடினால், ஒரு நாள் முழுவதும் கடத்தும் நீர் சுமார் 32,000 கன மீட்டர். நூறு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் 1,000 கன மீட்டர் நீரைக் கொட்டுகிறது. 250 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் அப்படி ஒரு மழை பெய்து அதில் பாதி வழிந்து வந்தாலும் 1,25,000 கன மீட்டர். வெளியிலிருந்து வரும் இந்த நீரை ஊருக்கு வருமுன்பே தடுத்து நிறுத்தாவிட்டால், தெருவில் எத்தனை வடிகால் இருந்தாலும் அவை மூழ்கித்தான் போகும். அதே நீருக்கு 20 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சிற்றேரியில் ஒரு மீட்டர் உயரத்துக்கும் குறைவான இடமே போதும். ஏரி ஊருக்கு மேல்பக்கம் இருந்து, வரத்துக்கால் அந்த நீரை அதற்குள் கொண்டுவந்து சேர்த்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்பதை மறக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் மன்றம் வடிகாலின் பக்கமே போயிருக்கக்கூடும். எங்களைத் திருப்பியது பராமரிப்பு. கட்டிய மறு ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இதை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பக்கத்து ஊராட்சி ஒன்றில் முன்பே கட்டியிருந்த வடிகாலைப் போய்ப் பார்த்தோம். ஒரு மூடியைத் திறக்க இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே முக்கால் பங்கு மண். அதன் மேல் பால் பாக்கெட் உறைகளும், சமையலறைக் கழிவுநீர் படிந்த கறுப்புச் சேறும். சாலையை மறுபடி போட்டபோது உயர்ந்த தார், பக்கவாட்டில் நீர் இறங்க விட்டிருந்த துளைகளில் பாதியை மூடியிருந்தது. வடிகால் சரியாகத்தான் கட்டப்பட்டிருந்தது. அதை ஆண்டுக்கு இருமுறை திறந்து வாருவதற்கு ஆள்தான் இல்லை. அங்குள்ள தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகக் குப்பை வாங்கவே நாள் போதாமல் இருக்கிறார்கள்.

கூடுதல் ஆள் போடலாமே என்றால், அதற்கு நிதி விதிகள் இடம் தரவில்லை. 2026 மார்ச் வரைக்கான, ஒன்றிய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கென்று கட்டுப்படுத்தப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றிருந்தாலும் அதிலிருந்து சம்பளமோ நிர்வாகச் செலவோ கொடுக்க முடியவில்லை. அப்படியானால் கையில் இருப்பது வீட்டு வரி முதலான பொது நிதி. தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணமும் டேங்க் ஆபரேட்டர் ஊதியமும் போக அதில் மிஞ்சுவது சொற்பம். வடிகால் தன் வாழ்நாள் முழுவதும் ஒரு ரூபாய்கூட ஊராட்சிக்குத் தருவதில்லை. அதன் செலவு முழுவதும் இந்தச் சொற்பத்தின் மேல்தான் விழுகிறது.

ஏரி அப்படியில்லை. மீன்பாசி குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, ஆண்டுதோறும் ஏலம் போகிறது. கரையிலும் உள்வாயிலும் (ஏரியின் உட்பரப்பிலும்) உள்ள மரங்களின் மகசூல் ஏலம் போகிறது. வண்டல் மண்ணை உரிய அனுமதியோடு உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளரும் இலவசமாக எடுத்துப் போகிறார்கள். அந்த அளவுக்குத் தூர்வாரும் செலவு ஊராட்சிக்கு மிச்சம். இவை பெரிய தொகைகள் அல்ல. ஆனால் வரத்துக்காலில் முளைக்கும் சீமைக் கருவேலத்தை ஆண்டுக்கு ஒருமுறை வேரோடு பிடுங்குவதற்கும், கரையில் எலியும் நண்டும் வளை தோண்டிய இடங்களை மழைக்கு முன் அடைப்பதற்கும், மதகின் அடைப்புப் பலகையைப் பழுதுபார்ப்பதற்கும் இந்த வருமானம் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: ஏரி கெட்டால் நட்டப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆயக்கட்டு (ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம்) விவசாயி, குத்தகைதாரர், ஆடு மாடு வைத்திருப்பவர் என்று ஒவ்வொருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்; கரையில் ஓர் ஊற்று கசிந்தால் ஊராட்சிச் செயலருக்குச் செய்தி அன்றே வந்துவிடுகிறது. வடிகாலின் மூடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர் யாரும் இல்லை.

எங்கள் மாவட்டத்திலேயே உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பலரும் குடவோலை முறைக்காக மட்டும் நினைவுகூர்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க ஏற்பாடு இருக்கிறது. ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கும் வழக்கத்தையும் அக்காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பராமரிப்புக்கு நிரந்தரமாக ஒரு குழுவும், அதற்கு வேறு எதற்கும் போகாத ஒரு வருமானமும் வேண்டும் என்பதை அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பாடாகவே செய்துவைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் ஏரி என்றால் தானாகவே நடந்துவிடும் என்று எண்ணக் கூடாது. குத்தகை வருமானத்திலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. மீன் தப்பிப் போகாமல் இருக்கக் குத்தகைதாரர் கலங்கலின் குறுக்கே வலை கட்டுவார். செத்தையும் ஆகாயத்தாமரையும் அதில் சிக்கி அடைத்துக்கொண்டால் உபரி நீர் வழியாமல் கரையின் மேல் ஏறும். சிலர் மணல் மூட்டை அடுக்கிக் கலங்கலின் உயரத்தைக் கூட்டவும் செய்வார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கலங்கலில் வலையோ மூட்டையோ இருக்கக் கூடாது, மீறினால் முன்பணம் பறிமுதல் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட்டோம். அது மட்டும் போதாது. மழைக்காலத்தில் யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

தூர்வாருவதிலும் எச்சரிக்கை தேவை. ஏரி வேலை என்றால் பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்து மண் அள்ளுவதுதான் என்று நினைப்பதால் பெரும்பகுதிப் பணம் அதற்கே போய்விடுகிறது. வரத்துக்கால் அடைந்திருக்கும் ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது நிறையாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை பலமிழக்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் கிணறுகளுக்குப் பயன்படலாமே தவிர வயலுக்குப் பாயாது. எனவே வரத்துக்கால், கலங்கல், மதகு, அதன் பிறகே தூர் என்ற வரிசையை நாங்கள் வைத்தோம். குடிமராமத்து என்ற பெயரில் 2017இல் அரசு தொடங்கிய திட்டத்தில் சீரான ஏரிகளில்கூட, பிறகு யாரும் தொடாத இடங்களில் சீமைக் கருவேலம் திரும்ப வந்துவிட்டதைப் பார்க்கிறோம். ஒருமுறை வேலையாகச் செய்தால் ஏரியும் வடிகாலின் கதிக்குத்தான் வரும்.

வடிகாலே சரியான தேர்வாக இருக்கும் ஊர்களும் உண்டு. ஏரி ஊருக்குக் கீழ்ப்பக்கம் இருந்தாலோ, நெருக்கமாக வீடுகள் கட்டிய நகர்ப்புறமாக இருந்தாலோ, தெருவில் பெய்யும் மழையே தேங்கி நிற்பதாக இருந்தாலோ ஏரி அதற்கு உதவாது. எங்கள் ஊரிலும் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்ட ஒரு தெருவுக்கு வடிகால் வேண்டியதுதான். அதைத் தள்ளிவைத்திருக்கிறோம், மறுக்கவில்லை. அந்த வடிகால் ஏரியில் போய் முடியும் என்றால் சமையலறை, குளியலறைக் கழிவுநீரை வீட்டிலேயே உறிஞ்சு குழிக்கு விட்ட பிறகுதான் அதைக் கட்ட வேண்டும். இல்லையேல் மீனும் போகும், குத்தகையும் போகும்.

ஏரிக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. அக்டோபர் மழையிலேயே நிறைந்துவிட்ட ஏரிக்கு டிசம்பர் புயலின் நீரைப் பிடிக்க இடமில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்து ஊர்களுக்குள் நீர் புகுந்தது. பெருமழை எச்சரிக்கை வந்ததும் மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திறந்துவிட்ட பிறகு புயல் திசை மாறிப் போனால், நீரை இழந்த விவசாயிக்கு மன்றம் என்ன பதில் சொல்லும்? எங்கள் ஏரியில் இதை இதுவரை செய்து பார்த்ததில்லை. கடலோர ஊர்களில் உவர்நீர் ஏறும் பிரச்சினையோடு இந்த ஒப்பீடு எப்படி மாறும் என்பதைச் சொல்லவும் எனக்கு அனுபவம் இல்லை.

ஏரியைத் தேர்வதென்றால் கோடைக்கு முன்பே தொடங்க வேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. யாருடைய அனுமதி வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அ-பதிவேட்டையும் (புல எண் வாரியான நிலப் பதிவேடு) புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு வரத்துக்காலைத் தொடக்கம் முதல் நடந்து பார்த்தால், வரைபடத்தில் வாய்க்கால் இருந்து தரையில் இல்லாத இடங்கள் புல எண்ணோடு கிடைக்கும். நீர்வளத் துறையின் ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அளந்து கல் நட சர்வேயர் வரவே மாதங்கள் ஆகும் என்பதால் மனுவை முன்பே கொடுத்துவிடுவது நல்லது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ஆம் தேதி கிராம சபையில் தீர்மானம் நிறைவேறினால் ஏப்ரல், மே மாதங்கள் வேலைக்குக் கிடைக்கும்; ஆகஸ்ட் 15 கிராம சபையில் முடிந்தது எது, முடியாதது எது என்று மக்கள் முன் வைத்துவிட்டு மழைக்குத் தயாராகலாம்.

எங்களுக்கு இன்னும் தீராத கவலை பதவிக்காலத்தைப் பற்றியது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. மன்றமே இல்லாத அப்படி ஒரு மழைக்காலத்தில் கலங்கலைப் போய்ப் பார்ப்பது யார் வேலை? மீன்பாசி குத்தகையிலும் மர ஏலத்திலும் வரும் தொகைக்குச் சமமானதை ஏரிப் பராமரிப்புக்கே ஒதுக்க வேண்டும், அந்தக் கணக்கை ஆண்டுதோறும் மே 1ஆம் தேதி கிராம சபையில் வாசிக்க வேண்டும், ஆயக்கட்டு விவசாயிகளும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் அடங்கிய ஒரு குழு அதற்குக் கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். தீர்மானத்தின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகத்திலும் இருக்கிறது. அடுத்து பொறுப்புக்கு வருபவர் யாராக இருந்தாலும் ஏலம் விடும் நாளில் அந்தக் குழுவை அழைத்தாக வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறோம்.