கிளாக் 20-ஆ, 21-ஆ? இரண்டையும் பல ஆண்டுகள் வைத்திருந்து பார்த்ததில்

கிளாக் நிறுவனத்தின் 20, 21 என்ற இரு கைத்துப்பாக்கிகளை மேசையில் அருகருகே வைத்தால், துப்பாக்கி பழகியவருக்கே எது எது என்று சட்டென்று பிடிபடாது. நீளம் இரண்டுக்கும் ஏறத்தாழ 205 மில்லிமீட்டர். குழல் 117 மில்லிமீட்டர். குழலுக்கு மேலே முன்பின் நகரும் அதே சதுரமான ஸ்லைடு, அதே பருத்த பிடி. ஒன்றுக்கென்று வாங்கிய இடுப்பு உறையில் மற்றதும் கச்சிதமாக உட்காரும். குழலின் வாயைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். 20 சுடுவது 10 மி.மீ. ஆட்டோ தோட்டா, 21 சுடுவது 45 ஏ.சி.பி. ஆகவே இரண்டில் எதை வாங்குவது என்று கேட்பவர் உண்மையில் எந்தத் தோட்டா என்றுதான் கேட்கிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் துப்பாக்கியின் படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் கொலராடோவில், டென்வருக்குப் பக்கத்தில். இரண்டுமே நான்காம் தலைமுறை மாடல்கள். பல ஆண்டுகள் ஒரே பெட்டகத்தில் இருந்தவை. நம் ஆட்கள் முதலில் கேட்கும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கிரீன் கார்டு இருந்தால், பின்னணிச் சோதனையில் தேறினால், வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் உண்டு என்றாலும், வழக்கறிஞரிடம் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். குடியேற்ற விவகாரத்தில் வரும் சிக்கல் துப்பாக்கியின் விலையைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

45 தோட்டா துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் கைவண்ணம். அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட பிஸ்டலோடு வந்து, 1985-இல் 9 மி.மீ. பெரெட்டா வரும்வரை ராணுவத்தின் இடுப்பில் இருந்தது. கனமான தலை, நிதானமான வேகம். வழக்கமான தோட்டாவில் தலை, அதாவது பறந்துபோகும் முன்பகுதி, மட்டும் 14.9 கிராம், குழலைவிட்டு நொடிக்கு 260 மீட்டர் போல வெளியேறும். ஒலியின் வேகத்தைத் தொடுவதேயில்லை. உள்ளே எழும் அழுத்தமும் குறைவு. அதற்கென வகுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. 10 மி.மீட்டருக்கு அதே வரம்பு 37,500. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகிற பாதிக்குக் காரணம் விளங்கிவிடும்.

10 மி.மீட்டரின் கதை கொஞ்சம் பரிதாபமானது. துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் முன்னின்று உருவாக்கிய பிரென் டென் என்ற பிஸ்டலோடு 1983-இல் அது சந்தைக்கு வந்தது. அந்தப் பிஸ்டலை வாங்கியவர்களில் பலருக்குத் துப்பாக்கி கிடைத்தது, தோட்டாக்களை அடைக்கும் மேகசின் கிடைக்கவில்லை. நிறுவனமே சில ஆண்டுகளில் மூடிவிட்டது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்தார்கள். அதன்பின் வலுவான தோட்டா தேடிய எஃப்.பி.ஐ. 10 மி.மீட்டரைக் கையிலெடுத்தது. முழு வலுவில் அதைச் சுடுவது பலருக்குச் சிரமம் என்று வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்த பிறகு மருந்து அடைக்க அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று அதையும் வெட்டினார்கள். 1990-இல் வந்த 40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற குட்டைத் தோட்டா அப்படிப் பிறந்ததுதான். மூத்தது மூலைக்குப் போய்விட்டது. காடு, கரடி, பன்றி வேட்டை என்று அலைகிறவர்கள்தான் அதைக் காப்பாற்றிவைத்தார்கள். கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை, பனிக்கரடிக்கு எதிரான காவலாக வைத்திருப்பது கிளாக் 20-ஐத்தான்.

இந்த வரலாற்றைச் சொன்னது பொழுதுபோக்குக்கு அல்ல. இன்றைக்கும் 10 மி.மீ. என்று எழுதிய இரண்டு பெட்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பயிற்சிக்கென விற்கும் பல பெட்டிகளில் 11.7 கிராம் தலை நொடிக்கு 310 மீட்டர் அளவில்தான் போகும். அது 40 செய்கிற வேலை. முழு வலுப் பெட்டியில் அதே தலை 380 மீட்டரைத் தொடும். ஆற்றலாகக் கணக்கிட்டால் மென்மையானதற்கு 560 ஜூல், முழு வலுவுக்கு 840-க்கு மேல். சாதாரண 45 ஏறத்தாழ 500. வலிமைக்காக 20-ஐ வாங்கிவிட்டு, காலமெல்லாம் மென்மையான பெட்டியையே சுட்டுக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் 40-ஐயே வாங்கியிருந்தால் கைக்கு அடக்கமான பிஸ்டலாவது கிடைத்திருக்கும்.

சுடும்போது தெரிகிற வேறுபாட்டுக்கு வருகிறேன். 21-இல் விசையை அழுத்தினால், முன்குறியின் வெள்ளைப் புள்ளி மேலே எழுந்து, சற்று நின்று, பின்குறியின் பள்ளத்துக்குள் தானாகவே வந்து இறங்கும். அதன் போக்கைக் கண்ணால் தொடரலாம். உள்ளங்கை முழுவதையும் பின்னால் தள்ளுகிற தள்ளு அது, வலி இல்லை. 20-இல் முழு வலுத் தோட்டா போட்டால் புள்ளி கண்ணிலிருந்தே போய்விடும். திரும்பி வரும்போது அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் பிடி வெடுக்கென்று இடிக்கும். உள்ளரங்கச் சுடுதளத்தில் பக்கத்துத் தடுப்பில் நிற்பவர் ஒரு முறை எட்டிப் பார்ப்பார். காலிக் கூடு தடுப்புப் பலகையில் மோதித் திரும்பி, சில சமயம் சட்டைக் காலருக்குள் விழும். அது எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. காலர் இல்லாத, கழுத்தை ஒட்டிய சட்டையோடு போங்கள்.

என் மனைவியும் சுடுவார். “இது தள்ளுகிறது, அது அறைகிறது” என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டு, 20-ஐ மறுபடி தொடவில்லை. அவர் கை சிறியது. இரண்டிலுமே பிடியின் சுற்றளவு பெரிது. விசைக்கு விரல் எட்டுவது சிரமம். நான்காம் தலைமுறையில் பிடியின் பின்பகுதியை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், கூடுதல் தகடு எதுவும் மாட்டாமல் வெறும் பிடியாக வைத்தபின் அவருக்குச் சரிப்பட்டது. நடுத்தர அளவுக் கை உள்ளவர்களுக்கும் அதையே சொல்வேன். கடையில் கையில் பிடித்துப் பார்க்காமல் இந்த அளவுத் துப்பாக்கியை வாங்கவே கூடாது.

கொள்ளளவில் 20-க்கு 15, 21-க்கு 13. 15-க்கு மேல் பிடிக்கும் மேகசினைக் கொலராடோ 2013-இல் தடைசெய்தது. 20 அந்த வரம்பில் பொருந்திப்போகிறது. ஆனால் இரண்டு தோட்டா கூடுதல் என்பதற்காக யாரும் இதை முடிவுசெய்ய வேண்டாம். எடையில்கூட லாபநட்டம் இல்லை: 13 கனத்த 45 தோட்டாக்கள், 15 பத்து மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடை காட்டும். நிறைத்தால் இரண்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். சட்டைக்குள் மறைத்து எடுத்துச்செல்லும் துப்பாக்கிகள் அல்ல இவை. மெல்லிய கோடைச் சட்டையில் இடுப்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வெளியளவு ஒன்று என்பதால் பார்வைக்கு மாறிப்போகும். பத்து மில்லிமீட்டர் தோட்டா 45-இன் அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்துக்குள், போவது விபத்துக்கு வழி. 20-இன் மேகசின் அடித்தட்டுகளில் சிவப்பு நகப்பூச்சு தடவிவைத்தேன். ஒரு நாளில் ஒரு துப்பாக்கியைத்தான் சுடுதளத்துக்கு எடுத்துப்போவேன்.

கரடிக் கேள்விக்கு வருவோம். இரண்டில் எது என்று கேட்பவர்களில் பாதிப்பேர் மனத்தில் இருப்பது அதுதான். கொலராடோவில் இருப்பவை கருங்கரடிகள். பெரும்பாலும் மனிதர்களைக் கண்டு விலகிப்போகும். கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடிக்கு வயோமிங், மொன்டானா பக்கம் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் வாங்க வேண்டியது கரடிக்கான மிளகுத் தெளிப்பான். வனத்துறையினர் சொல்வதும் அதையே. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம், சுடுவது தடை. இத்தனைக்கும் பிறகு துப்பாக்கியும் வேண்டும் என்பவருக்கு 20 பொருத்தம், அதுவும் ஆழம் பாயும் முழு வலுத் தோட்டாவோடு. இங்கே ஒரு கொக்கி உண்டு. கரடிக்கென்று பலர் பரிந்துரைப்பது கெட்டியாக வார்த்த ஈயத் தலை. கிளாக் குழலின் உட்புறத்தில் தலையைச் சுழலவைக்கும் பலகோண மரையில் உறையில்லாத ஈயம் படிந்து அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் அது வேண்டாம் என்று நிறுவனமே எச்சரிக்கிறது. ஒன்று, வழக்கமான மரை வெட்டிய வேறு குழல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் செம்பு உறையிட்ட கெட்டித் தலையோ முழுச் செம்புத் தலையோ தேட வேண்டும். நான் இரண்டாவதையே செய்தேன்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசமில்லை. கழற்றுவதற்கு முன் விசையை அழுத்த வேண்டிய வடிவமைப்பு என்பதால், மேகசினை எடுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். 20-இன் ஸ்பிரிங்கை 21-ஐவிட முன்னதாக மாற்றிவிடுவேன். காலிக் கூடுகளைப் பொறுக்கித் தோட்டாவை நானே மறுபடி நிரப்புகிறவன் என்ற முறையில் இரண்டு குறைகள்: 20 கூடுகளைப் புல்வெளியில் எங்கோ எறிந்துவிடும். 45 கூடுகள் காலடியிலேயே கிடைக்கும். ஆனால் சில நிறுவனங்கள், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில், பெரிய பிரைமருக்குப் பதில் சிறிய பிரைமர் வைத்த கூடுகளை விற்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்காமல் இயந்திரத்தில் போட்டால் பாதியில் சிக்கி நிற்கும். மழைநாள் மாலை முழுவதும் கூடுகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருப்பது என் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

கடைசியில் நான் வைத்துக்கொண்டது 21. வலிமைக் கணக்கில் 20 வெல்கிறது, சந்தேகமேயில்லை. ஆனால் எந்தத் தோட்டாவை ஆபத்துக்கென்று வைத்திருக்கிறோமோ, அதையோ அதற்கு நிகரானதையோ வைத்துத்தான் பழக வேண்டும் என்பது என் கட்சி. முழு வலுப் பத்து மில்லிமீட்டர் பெட்டி விலையும் கூடுதல். மணிக்கட்டும் சீக்கிரம் களைத்துப்போகும். மாதாமாதம் அதைச் சுட்டுப் பழக எனக்கு மனமும் பணமும் வரவில்லை. 45-இல் பயிற்சிப் பெட்டிக்கும் வீட்டுக்காவல் பெட்டிக்கும் உதைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருவரும் நன்றாகச் சுடக்கூடியது என்பது இன்னொரு காரணம்.

மலைக்கு அடிக்கடி போகிறவர், தனியாள், முழு வலுவில் பழகச் செலவிடத் தயார் என்றால் நான் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டு 20-ஐ வாங்குங்கள். என்னுடையதை வேட்டைக்குப் போகும் சக ஊழியர் ஒருவர் வாங்கிக்கொண்டார். தனியார் விற்பனைக்கும் இங்கே உரிமம் பெற்ற கடை வழியாகப் பின்னணிச் சோதனை கட்டாயம் என்பதால் இருவரும் கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பினோம். சிவப்பு நகப்பூச்சைச் சுரண்டிவிடலாமா என்று கேட்டார். வீட்டில் வேறு பெரிய காலிபர் (குழல் விட்டம்) துப்பாக்கி இல்லையென்றால் சுரண்டிவிடுங்கள் என்றேன்.