காலைச் செய்திக் கிண்டல்: வேலூர் காதுக்கு எது தேறும்?

காலையில் செய்தியைக் கிண்டலடிக்கும் நிகழ்ச்சிகளை எஃப்.எம்.மில் கேட்பதா, பாட்காஸ்டில் கேட்பதா? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விளையாட்டுக்கு எஃப்.எம்., அரசியலுக்குப் பாட்காஸ்ட். பொருளாதாரத்துக்கு இரண்டுமே அரைகுறை. நிகழ்ச்சிகளின் பெயர் வேண்டாம். ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் வேலூரில் காதில் விழுபவை பெரும்பாலும் ஒரே அச்சுதான், பெயர் மாற்றினாலும் யாருக்கும் தெரியாது.

எஃப்.எம்.மில் 'அரசியல் அலசல், சிரிப்பு இலவசம்' என்று விளம்பரம் ஓடும். உட்கார்ந்து கேட்டால் 'ஒரு பெரிய தலைவர்', 'மேல இருக்கறவங்க', 'புரிஞ்சவங்களுக்குப் புரியும்' என்பதோடு பாட்டு வந்துவிடும். ஆர்.ஜே.வைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. தனியார் எஃப்.எம். நிலையம் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. 2011இல் வந்த மத்திய அரசின் மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கைப்படி, ஆகாசவாணி செய்தியறிக்கையை வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு இதெல்லாம் செய்திக் கணக்கில் வராது. அதனால்தான் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலைப் பற்றி ஆர்.ஜே. அத்தனை உற்சாகமாகப் பேசுகிறார். அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே அரசியல் அது.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு நம் ஊரே சாட்சி. 2019 ஏப்ரலில் பணப்பட்டுவாடா விவகாரத்தில் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5இல் தனியாக நடந்து, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. கிண்டலுக்கு இதைவிடத் தீனி கிடைக்குமா? டீக்கடையில் யார் வேண்டுமானாலும் பேசலாம், விதிப்படி எஃப்.எம். மைக் அந்தப் பக்கமே போக முடியாது. மணிக்கு 10 நிமிடம் வரை செய்திக்கு விடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, அனுமதி வேறு.

பாட்காஸ்டுக்கு இந்தக் கட்டு கிடையாது. பெயர் சொல்லியே கிண்டலடிக்கலாம். ஆனால் கைக்கு வந்த சுதந்திரத்தை அவர்கள் பெரும்பாலும் மிமிக்ரியில் கரைத்துவிடுகிறார்கள். ஒரு தலைவர் குரல், எதிர்க்கட்சித் தலைவர் குரல், நடுவில் வடிவேலு குரல். முதல் நாள் சிரிப்பு வரும். அடுத்த வாரம் குரல் மட்டும்தான் இருக்கும், செய்தி இருக்காது. நல்ல கிண்டலுக்கு வரிசை முக்கியம்: முதல் வரியில் நடந்தது என்ன என்று நேராகச் சொல்ல வேண்டும், இரண்டாவது வரியில் திருப்ப வேண்டும், மூன்றாவது வரி இல்லாமல் அடுத்த செய்திக்குப் போக வேண்டும். பலரும் திருப்பத்தை முதலில் போட்டுவிட்டு 'என்ன மேட்டர்னா...' என்று பின்னால் விளக்குகிறார்கள். விளக்கி முடிக்கும்போது சிரிக்க வேண்டியவர் காகிதப்பட்டறை ஸ்டாப்பில் இறங்கிப் போயிருப்பார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் எத்தனை வருஷம் தட்டையான குரலிலேயே பேசினார்! சிரிப்புச் சத்தமும் கிடையாது, 'டொய்ங்'கும் கிடையாது. கடைசி வரியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். இப்போதோ ஜோக் சொன்னவரே முதலில் சிரித்து நம் வேலையையும் முடித்துவிடுகிறார்.

இன்னொரு குறை: இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சென்னையில் எழுதிச் சென்னையிலேயே பேசப்படுபவை. வேலூர் வந்தால் கைவசம் இருப்பது ஒரே சரக்கு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981லேயே திரும்ப வந்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் நடுவரியைத் திருத்தாதவர்கள் இன்றைய செய்தியை எப்படித் திருத்தமாகச் சொல்வார்கள்?

பொருளாதாரத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள், அதுவும் சின்னச் சின்ன விஷயத்தில். காலை ஏழு மணிக்கு 'இன்றைய தங்கம் விலை' என்று சொன்னால் அது நேற்றைய விலை. அன்றைய விலை ஒன்பதரை, பத்து வாக்கில்தான் வரும். பெட்ரோல் அப்படி இல்லை, 2017 ஜூனிலிருந்து தினமும் காலை 6 மணிக்கு மாற்றலாம் என்று ஏற்பாடு. ஆக ஏழு மணிக்கு உண்மையிலேயே புதுசாகச் சொல்லக்கூடியது பெட்ரோல் விலைதான். அதுதான் மாதக்கணக்கில் மாறாமல் கிடக்கும். இந்த முரணிலேயே ஒரு நல்ல ஜோக் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. தங்கத்துக்கு நம் பக்கத்துப் பேச்சிலேயே ஒரு வரி போதும்: "இன்னாபா, சவரன்னா இன்னும் எட்டு கிராம்தானே? அது ஒண்ணுதான் ஏறாம கீது."

ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, அந்த விஷயத்தில் இன்னும் மோசம். ரிசர்வ் வங்கி முடிவு வருவது காலை பத்து மணிக்கு. அடுத்த நாள் காலை நிகழ்ச்சிக்கு அது பழைய செய்தி. எல்லோருக்கும் தெரிந்த 'கால் சதவீதம் குறைப்பு' என்பதையே திரும்பச் சொல்லி 'ஜாலி' என்று கத்துவதில் பயனில்லை. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். 20 லட்சம் வீட்டுக்கடன், 20 வருஷம், வட்டி 8.5லிருந்து 8.25 ஆனால் மாதத் தவணையில் குறைவது சுமார் 315 ரூபாய். ஆம்பூரில் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட அது காணாது. பல வங்கிகள் தவணையைக் குறைக்காமல் தவணை மாதங்களைத்தான் குறைக்கும் என்பதால் அந்த 315கூடக் கையில் வராது. சிரிப்பு வரும் இடமும் அதுதான், தெரிந்துகொள்ள வேண்டிய இடமும் அதுதான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதக் கூடுதல் வரி போட்டபோதும் இதே கதை. அமெரிக்க அதிபர் குரலில் தமிழ் பேசிக் காலத்தை ஓட்டினார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு வேண்டியது வேறு. 20 டாலர் ஷூவுக்கு 10 டாலர் கூடுதல் வரி என்றால், அதைக் கட்டுவது ஆம்பூர் கம்பெனி அல்ல, அங்கே சரக்கை இறக்குகிறவர். ஆனால் மறுநாளே போன் போட்டு 'விலையில கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க' என்று கேட்பவரும் அவர்தான். இந்த ஒரு போன் பேச்சை இரண்டு குரலில் ஒரு நிமிடம் நடித்தால் போதும், பொருளாதார வகுப்பே முடிந்துவிடும். மிமிக்ரி இங்கேதான் தேவை.

காய்கறி விலையும் அப்படித்தான். கோயம்பேடு விலையைச் சொல்லி வேலூர்க்காரரைச் சிரிக்க வைக்க முடியாது. நேதாஜி மார்க்கெட்டில் முள் கத்திரிக்காய் கிலோ என்ன என்று சொல்லட்டும்.

விளையாட்டில் எஃப்.எம்.முக்குக் கை கட்டில்லை. உள்ளூர் ஆட்டம் தவிர மற்றதற்கு நேரடி வர்ணனைதான் கூடாது, தகவல் சொல்லலாம். ஆர்.ஜே.க்களும் இங்கேதான் சரியாக மூச்சு விடுகிறார்கள். முந்தின இரவு ஐ.பி.எல். முடிந்திருக்கும், கேட்பவருக்கும் ஸ்கோர் தெரியும், விளக்கம் வேண்டாம், நேராகத் திருப்பத்துக்குப் போகலாம். 'டிக்கெட்டைக் காட்டிட்டு நம்மாளு உள்ள போறாரு, ஓப்பனரு வெளிய வராரு, ரெண்டு பேரும் கேட்லயே பாத்துக்கினாங்க' என்ற மாதிரி வரி எஃப்.எம்.மில் அடிக்கடி கிடைக்கும். பாட்காஸ்டில் இதே தோல்விக்குப் பதினைந்து நிமிட அலசல் நடக்கும். காலைக்கு அது ஆகாது. குறை என்றால் கிரிக்கெட்டைத் தாண்டுவதில்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் தூக்கினார். பளு தூக்குவதை வைத்துச் சொல்ல எத்தனை ஜோக் இருக்கிறது. எழுதுகிறவருக்குக் களம் தெரியாததால் வருவதே இல்லை.

இனி, கேட்கிற வழி. 6.45 மாநிலச் செய்தி, 7.15 தேசியச் செய்தி இரண்டையும் ஆகாசவாணியில் முதலில் கேட்டுவிடுங்கள். செய்தி தெரியாமல் கிண்டல் கேட்டால் பாதி வீண். பழைய ரேடியோ வைத்திருப்பவர்கள் மீடியம் வேவில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸைத் தேடும்போது பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்: உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பி வடக்கு தெற்காகக் கிடந்தால் கிழக்கே இருக்கும் சென்னை நன்றாக எடுக்கும். பக்கத்தில் எல்.இ.டி. பல்பு எரிந்தால் இரைச்சல்தான், அணைத்துவிடுங்கள். போனில் எஃப்.எம். கேட்க ஹெட்போன் வயரே ஏரியல். சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தால் மலை மறைக்கிற தெருக்களில் நிலையம் கைவிட்டுவிடும், நீட்டித் தொங்க விடுங்கள்.

நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கும் ஒன்று. குரலுக்கு அடியில் ஓடும் இசை குறைந்தது 15 டெசிபலாவது கீழே இருக்கட்டும். ஸ்டூடியோ ஹெட்போனில் சரியாகக் கேட்பது, குடியாத்தம் பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து ஸ்பீக்கரில் வெறும் தவில் சத்தமாகத்தான் வரும். ஜோக்கின் கடைசிச் சொல்லே அதில் போய்விடும்.

பாட்காஸ்டை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 64 கே.பி.பி.எஸ்.ஸில் 20 நிமிடம் என்றால் 10 எம்.பி.க்கும் குறைவு. காட்பாடியில் ரயில் ஏறியபின் இறக்கிக்கொள்ளலாம் என்றால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். 20 நிமிடத்துக்கு மேல் ஓடுவதை இறக்கவே வேண்டாம். அதில் கடைசிப் பத்து நிமிடம் அனேகமாக விளம்பரமும், அவர்களே அவர்களைப் பாராட்டிக்கொள்வதும்தான்.