இடையிடையே இழுவை விடும் பழைய டர்போ டீசல்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நான் ஓட்டிவருவது 2.5 லீற்றர் கொமன் ரெயில் டீசல் எஞ்சினும், உள்ளிருக்கும் இதழ்களின் கோணம் வெற்றிட விசையால் மாறும் டர்போவும் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) கொண்ட, இருபது வயதை நெருங்கும் ஒரு கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இவ்வயது வண்டிகளை மாற்றுவதைவிடத் திருத்தி ஓட்டுவதே இங்கே பலருக்கும் வழியாக இருந்தது.

கல்முனை வீதியில் எவ்வளவு ஓடினாலும் இதன் குறை தலைகாட்டாது. செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, மகா ஓயா, பிபிலை கடந்து லுணுகலை ஏற்றத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும் வேளையில்தான், எக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி திடீரென இழுக்க மறுக்கும். கரும்புகையும் இல்லை, விசில் சத்தமும் இல்லை. ஓரமாக நிறுத்திச் சாவியை மூடித் திறந்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் ஏறும்.

காட்டிய கராஜ்களில் பெரும்பாலும் கிடைத்த தீர்ப்பு, டர்போ போய்விட்டது, ரிக்கண்டிஷன் ஒன்றைப் போடலாம் என்பதே. ஆனால் சாவியை மூடித் திறந்ததும் இழுவை திரும்புகிறது என்பதே அந்தத் தீர்ப்புக்கு எதிரான சாட்சி. எஞ்சினின் கணினி தான் கேட்கும் காற்றழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சில வினாடிகள் நீடித்தால், எஞ்சினைக் காப்பதற்காக டீசலைக் குறைத்துவிடுகிறது. தண்டு உடைந்த டர்போ சாவியைத் திருப்பினால் குணமாகாது. தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தபோது பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருந்தது, முன்பின்னாக எதுவும் இல்லை; பக்கவாட்டு ஆட்டம் சிறிதளவு இருப்பதும், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதும் இயல்பானவை. அவற்றைக் காட்டி டர்போவை மாற்றச் சொல்பவரிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

குறை எப்போதோ ஒருமுறைதான் வருகிறது என்பதால், அது வரும் கணத்தில் எண்களைப் பிடிப்பதே ஒரே வழி. ஐரோப்பாவில் டீசல் கார்களுக்கு 2004 முதல் வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓ.பீ.டி. இணைப்பு கட்டாயமானதால் அச்சந்தைக்கான வண்டிகளில் சிக்கல் குறைவு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான பழைய வண்டிகளிலோ மலிவான புளூடூத் கருவி சில வேளைகளில் பேசவே பேசாது. என் வண்டியில் அது பேசியது, பீ0299 என்ற குறியீட்டையும், அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை என்பதையும், காட்டியது. மலிவுக் கருவியின் பெரிய குறை அதன் மந்தம். பத்து அளவீடுகளை ஒன்றாகக் கேட்டால் எதுவும் நேரத்துக்கு வராது, மூன்றோடு நிறுத்திக்கொண்டால் போதுமான வேகத்தில் பதியும். கேட்கும் அழுத்தத்தைப் பொதுவான செயலிகள் பல காட்டுவதில்லை, அந்தந்த வண்டி வகைக்குரிய செயலி வேண்டும்.

முதலில் காற்றழுத்த உணரியை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திறந்தால் அது வளியமுக்கத்தைக் காட்ட வேண்டும்: மட்டக்களப்பில் ஏறத்தாழ 101 கிலோபஸ்கல், கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் அளவு உயரத்திலுள்ள பதுளையில் ஏறத்தாழ 93. இரண்டு இடங்களிலும் என்னுடையது சரியாக இருந்தது. பிறகு லுணுகலை ஏற்றத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியைப் பிடித்திருக்க, கணினி 210 கேட்டபோது கிடைத்தது 150ஐத் தாண்டவில்லை. அதே வினாடியில் ரெயில் அழுத்தம், அதாவது எஞ்சினுக்குப் போகும் டீசலின் அழுத்தம், கேட்டபடியே நின்றது. டீசல் பில்டர், பம்ப் ஆகியவற்றின் மீதான சந்தேகம் அத்துடன் நீங்கியது.

மீதமிருந்தது வெற்றிடப் பாதை. வெற்றிடப் பம்பிலிருந்து சிறு ரப்பர் குழாய்கள் வழியே மின்சாரத்தால் இயங்கும் சொலனொயிட் வால்வுக்கும், அங்கிருந்து இதழ்களை அசைக்கும் அக்சுவேட்டருக்கும் செல்லும் இழுவிசைதான் இதழ்களை நெருக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. அது கசிந்தால் இதழ்கள் விரிந்தபடி நின்றுவிடும். கைப்பம்பு ஒன்றை வைத்து இழுத்தபோது குளிர்ந்த எஞ்சினில் அதன் அளவுமானி முள் அசையாமல் நின்றது, ஓடி வந்து சூட்டோடு இழுத்தபோது மெல்ல இறங்கியது. சைலன்சர் பக்கச் சூட்டில் கிடந்த குழாயின் நுனி வெடித்திருந்தது. குளிரில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் அந்த ரப்பர், சூட்டில் இளகி வழிவிட்டிருக்கிறது. கராஜில் குளிர்ந்த பின் சோதித்தவர்களுக்கு இது அகப்படாததில் வியப்பில்லை. மாற்றும்போது சுவர் தடித்த குழாயையே வாங்க வேண்டும், மெல்லிய சிலிக்கன் குழாய் வெற்றிடத்தில் சப்பிவிடும்.

இதன் பின்னரும் குறை அடியோடு தீரவில்லை, அரிதாக வந்துகொண்டிருந்தது. இரண்டாவது காரணம் சொலனொயிட்டின் மின் இணைப்பில் இருந்தது: கல்லடியில் கடற்காற்றுப் படும் இடத்தில் நிற்கும் வண்டி என்பதால், அதன் ஊசிகளில் பச்சை பிடித்திருந்தது. துப்புரவாக்கி, கிறீஸ் இட்டு, வால்வின் சிறு காற்று வடிகட்டியையும் மாற்றிய பிறகு அந்தக் குறியீடு திரும்பவில்லை. இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது, முதலாவதைத் திருத்தியும் குறை வருகிறதென்று அதைத் தவறான திருத்தமாக எண்ணிவிடுவது எளிது.

டர்போவுக்குள் கரி படிந்து இதழ்கள் இறுகுவது வேறு விடயம். ஊர்களுக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள் சமதரையில் ஓடும் வண்டியில் இதழ்கள் முழு வீச்சில் அசைவதே அபூர்வம். ஆகவே மாதத்தில் ஒருமுறையாவது குறைந்த கியரில் சுற்றைக் கூட்டிச் சிறிது தூரம் ஓட்டுகிறேன். இப்போதும் காலைக் குளிரில் கைப்பம்பால் இழுத்தால் அக்சுவேட்டர் தண்டு கடைசி இரண்டு மில்லிமீற்றரில் சற்றுத் தயங்கித்தான் நகர்கிறது. கேட்கும் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் இப்படியே ஒத்துப்போய்க்கொண்டிருக்கும் வரை டர்போவைக் கழற்றும் எண்ணம் எனக்கு இல்லை.