உழவர் சந்தை: விலையும் எடையும் சரி, நேரம்தான் இடிக்கிறது

நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு எவ்வளவு காய்கறி வேண்டும்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம். நாலு பேருக்கு 1.6 கிலோ. வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் வருகிறது. அரைக் கிலோ கத்தரிக்காயில் குழம்பு வைத்து இரண்டு வேளை ஓட்டும் வீட்டுக்கு இது மலைக்க வைக்கும் கணக்கு. கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அந்த 11 கிலோவை உழவர் சந்தையில் வாங்க முடியுமா என்பதை வைத்தே இந்த மதிப்பீடு.

முதல் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறந்தது. அன்றைக்கு வகுத்த முறைதான் இன்றும். நிலம் வைத்திருப்பவர் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் காட்டி, தோட்டத்தை அலுவலர் நேரில் பார்த்த பிறகு படம் ஒட்டிய அடையாள அட்டை வாங்குகிறார். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தை அலுவலகமே கொடுக்கிறது. விலையை விடியற்காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்த வியாபாரம் நடக்கும் மண்டியின் விலைக்கு மேல் ஏறத்தாழ 20 சதவீதம், வெளிச் சில்லறை விலைக்குக் கீழே ஏறத்தாழ 15 சதவீதம் என்பது கணக்கு. வெளியே கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் அவரைக்காய் உள்ளே 51 ரூபாய் என்றால், விளைவித்தவர் கைக்கும் மண்டியில் கிடைப்பதைவிடக் கூடுதலாகப் போகிறது. இரண்டு பக்கமும் லாபம் தரும் ஏற்பாடு காய்கறி வியாபாரத்தில் அபூர்வம். அதனால்தான் இந்தச் சந்தை உருப்படியாக நடக்க வேண்டும் என்ற அக்கறை.

வாங்கப் போகிறவர் முதலில் பலகையைப் பார்த்துவிட்டு நடக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் விலை பலகை விலையைத் தாண்டினால் உள்ளேயே இருக்கும் அலுவலகத்தில் சொல்லலாம். பெரும்பாலும் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். மின்னணுத் தராசு என்றால் காய் வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். தட்டு காலியாக இருக்கும்போதே 20 கிராம் காட்டினால், கால் கிலோ வாங்கும் ஏழை வீட்டுக்குத்தான் அடி அதிகம்: 250இல் 20 போனால் 8 சதவீதம். வெளியே கொடுக்காமல் மிச்சப்படுத்திய 15 சதவீதத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

அட்டை வைத்திருப்பவர் எல்லாரும் விளைவித்தவர்தானா என்பது இந்தச் சந்தைகளின் பழைய புண். மண்டியில் மூட்டை எடுத்து வந்து அட்டைக்குள் ஒளிந்து விற்பவர்கள் நுழையத்தான் செய்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, கடையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு தோட்டத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று காய்தான் வரும். அளவும் ஒன்றுபோல இருக்காது, பிஞ்சும் முற்றலும் கலந்திருக்கும். மலைக் காயான கேரட்டும் சமவெளி முருங்கையும் இஞ்சியும் தேங்காயும் ஒரே விரிப்பில் வரிசையாக இருந்தால் அது ஒரு தோட்டத்துச் சரக்கு இல்லை. "எப்ப பறிச்சதுங்க?" என்று கேளுங்கள். விவசாயி என்றால் நேற்று சாயங்காலம், இன்று விடியக்காலை என்று பட்டென்று சொல்வார்.

இன்னொன்றும் தெளிவாக இருக்க வேண்டும். உழவர் சந்தை என்றால் மருந்து அடிக்காத விளைச்சல் என்று பொருள் இல்லை. பூக்கோசு, கத்தரி, வெண்டை எல்லாம் மருந்து பார்த்தே வருகின்றன. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது, கோசின் மேல் இதழ்களைக் கழிப்பது இங்கேயும் அவசியம்.

வெயில் காலத்தில் இந்தச் சந்தையின் பலவீனம் கீரைக் கடையில் தெரியும். ஆறு மணிக்கு அரைக்கீரைக் கட்டின் வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும், இலை விறைத்து நிற்கும். எட்டரைக்கு இலை நுனி சுருள ஆரம்பிக்கும். பத்து மணிக்குக் கட்டு கையில் துவண்டு தொங்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்து அடி இலைகள் கறுத்து அழுகத் தொடங்கியிருக்கும். கீரை எடைக்கு விற்பதில்லை, கட்டுக் கணக்குதான். தண்ணீர் குறைந்த சித்திரை, வைகாசியில் விலை அப்படியே இருக்க, கட்டு இளைத்துவிடும். பலகை இதைக் காட்டாது. ஆகவே கீரை வாங்க ஏழு மணிக்குள் போக வேண்டும். கட்டைப் பிரித்து நடுவில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே வேக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நிழலும் குளிர்ச்சியும் இல்லாததால் பத்து மணிக்கு மேல் விவசாயி விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டுப் போகிறார். சந்தை நிர்வாகங்கள் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. காய்கறி வைக்கச் செங்கல்லால் இரட்டைச் சுவர்த் தொட்டி கட்டி, சுவர்களுக்கு இடையே 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்று மணல் நிரப்பி, காலையும் மாலையும் நனைத்து, மேலே ஈரச்சாக்கு மூடினால் போதும். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த இந்தத் தொட்டிக்கு மின்சாரம் வேண்டாம். சேலம், திண்டுக்கல் போன்ற காய்ந்த வெயிலில் உள்ளே நன்றாகவே குளிரும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. அங்கே இது பெரிய பலன் தராது.

வீட்டில் 11 கிலோவை ஒரே நடையில் வாங்கி வைத்தால் பாதி வீணாகும். வாரத்துக்கு இரண்டு நடை போங்கள். முதல் நடையில் வாங்கும் கீரை, வெண்டை, பீர்க்கங்காயை இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். சேனை, பரங்கி, வாழைக்காய், சின்ன வெங்காயம் வாரம் தாங்கும். வெண்டை நுனி பட்டென்று ஒடிய வேண்டும். கத்தரியின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும்.

தக்காளியை நம்பிக் குழம்பு வைக்கும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாவிட்டால் பூ கொட்டிவிடும், காய் பிடிக்காது. மழை விடாமல் பெய்தால் காய் வெடித்து அழுகும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதிரி வாரங்களில் உழவர் சந்தையும் காப்பாற்றாது. மண்டி விலையை ஒட்டித்தான் பலகை விலை, மண்டி ஏறினால் இதுவும் ஏறும். அப்போது புளியைக் கூட்டி, கொத்தவரை, தட்டைக்காய், முருங்கைக்கீரை என்று வறட்சி தாங்கும் சரக்குக்குத் திரும்புங்கள். முருங்கைக்காய் மட்டும் கார்த்திகை, மார்கழியில் காய்ப்பு நின்று தாறுமாறாக ஏறும். கீரை அப்போதும் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நேரம். நல்ல காய் ஆறிலிருந்து எட்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது, மதியத்தோடு சந்தையே ஓய்ந்துவிடுகிறது. ஏழு மணிக்குச் சித்தாள் வேலைக்கோ மில்லுக்கோ கிளம்பும் பெண் எப்போது போவார்? மாலை கூலி கையில் வந்தபின் அவருக்குத் தெருமுனைக் கடைதான் கதி. அங்கே விலையும் கூட, சரக்கும் வாடல். வண்டி வைத்திருக்கும் வீட்டுக்கே சந்தையின் 15 சதவீதம் போய்ச் சேருகிறது. சராசரி கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 11 கிலோவுக்கு வெளியே 550 ரூபாய். சந்தையில் மிச்சம் 82 ரூபாய். ஒரு நடை ஆட்டோவில் அது காலி.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் இந்தக் கணக்கு ஓரளவு மாறியிருக்கிறது. ஒரு தெருவில் நாலு வீடு சேர்ந்து முறை வைத்து, வாரம் இரண்டு நாள் ஆறு மணிப் பேருந்தில் இருவர் போனால் ஒரு நடைக்கு 22 கிலோ. ஆளுக்கு 11 கிலோ, இரண்டு பைகளில் அடங்கும். சில சந்தைகளில் மாலையில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிறுதானியமும் பயறும் விற்கின்றன. அதே கூரையின் கீழ் ஐந்திலிருந்து எட்டு மணிவரை பத்துக் காய்கறிக் கடைகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும். சாயங்காலம் பறித்த வெண்டைக்காய் விடியும்வரை சாக்கில் காத்திருக்காமல், அன்று இரவே கூலிக்காரர் வீட்டுச் சட்டியில் விழும்.