நாலு வருஷமாக உடையாத பெட்டி, காயாத ஈரம்

கொட்டாஞ்சேனையில் பல் கிளினிக் திறக்கப் போகிற சிநேகிதி நேற்று இரவு கேட்டாள், உன்னிடம் இருக்கிற அந்தத் தேன் நிறப் பிளாஸ்டிக் கருவிப் பெட்டியை நானும் வாங்கலாமா, இல்லை ஸ்டீலே போதுமா என்று. ஒரு வரியில் சொல்ல முடியாததால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி பிபிஎஸ்யு, அதாவது பொலிபீனைல்சல்போன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது; கருவிகளை அதில் வைத்துத்தான் ஓட்டோகிளேவ் என்ற நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்தில் ஏற்றுவோம். 2021இல் ஆறு பெட்டி வாங்கினேன். அதற்கு முன் வைத்திருந்த பொலிகார்பனேட் பெட்டி மூன்றே மாதத்தில் பால் போல மங்கி மூலைகளில் வெடித்துவிட்டது. சூட்டை விட நீராவிதான் அதற்கு எதிரி, அந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலியையே அறுத்துவிடும் என்று பிறகுதான் விளங்கியது. பிபிஎஸ்யு இளகத் தொடங்குவதே கிட்டத்தட்ட 220 பாகையில், நம் ஓட்டோகிளேவ் போவதோ 134. ஆயிரம் தடவை தாங்கும் என்பார்கள், நாளுக்கு ஒரு தடவை என்று கணக்குப் பார்த்தாலும் அதைத் தாண்டியாயிற்று. 2022 மின்வெட்டில் பாதியில் கரண்ட் போய்ப் போய் ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப ஏற்றிய நாட்களும் அதில் அடக்கம். ஒன்றுகூட வளையவில்லை, மூடி இன்றும் டக்கென்று பூட்டுகிறது. கை தவறி விழுந்தால் ஸ்டீல் தட்டு மாதிரி அலறி, நாற்காலியில் இருக்கிற பிள்ளையைத் திடுக்கிட வைக்காது. அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் ஈரம். நாலு வருஷமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஸ்டீல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், உலரும் நேரத்தில் அந்தச் சூடே மேலே படிந்த தண்ணீரை ஆவியாக்கிவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் இல்லை, அதனால் மூலையில் நாலு துளி, பொதி செய்கிற கடதாசிப் பையான பவுச்சுக்குள் பனி பிடித்த மாதிரி. துடைத்துவிட்டுப் பாவிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள், கூடவே கூடாது. நனைந்த கடதாசி வழியே கிருமி உள்ளே போகும், நனைந்து வந்த பவுச் சுத்தமில்லாத பவுச்தான், பிரித்துப் புதிதாகப் பொதி செய்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும். நான் உலரும் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 30 ஆக்கினேன், பெட்டிகளைப் படுக்க வைக்காமல் சரித்து இடைவெளி விட்டு வைத்தேன், ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதை நிறுத்தினேன். பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஒரு தடவைக்கு ஆறு பெட்டி போன இடத்தில் இப்போது நாலுதான் போகிறது, அதற்கும் கரண்ட் பில் நான்தானே கட்டுகிறேன்.

இன்று காலையும் இரண்டு பவுச் நனைந்து வந்தன. முதல் நோயாளி வெளியே காத்திருக்க, திரும்ப ஏற்றிவிட்டு இதை எழுதுகிறேன். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது நான் வாங்கினேன், இப்போது 300 தாண்டிவிட்டது. நீ ஸ்டீலையே வாங்கு. என் ஆறு பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.