ஒரு கிராம் குறைத்து என்ன பயன்?

கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலின் கேபிள் அறுந்து, பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ட்ரோன் மூன்று வாரம் கழித்துப் போன வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. அன்று மாலையே அலுவலக நண்பர் கேட்டார்: "தாய்லாந்து போகிறேன், இரவல் தருகிறீர்களா? 249 கிராம்தானே, பதிவெல்லாம் தேவைப்படாதே?"

அந்த எண்ணைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். சிங்கப்பூரில் 250 கிராமைத் தாண்டினால்தான் பதிவு. அந்த மட்டில் எண் பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு லேசான ட்ரோனாக இருந்தாலும் விமான நிலையம், விமானப்படைத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ 200 அடிக்கு மேலோ அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. இந்தச் சின்னத் தீவின் வரைபடத்தில் அந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஊருக்குப் போகும்போது இதை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்; இந்தியா 2022 பிப்ரவரியிலேயே அயல்நாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது.

தாய்லாந்தில் கேமரா இருந்தால் எடை ஒரு பொருட்டே இல்லை. பதிவும் வேண்டும், பத்து லட்சம் பாட் காப்பீடும் வேண்டும். நார்வேக்குப் போனபோது அங்கும் அதே கேமராதான் மாட்டிவிட்டது. தேர்வு எழுத வேண்டாம், ஆனால் இயக்குபவராகப் பதிந்து அந்த எண்ணை ட்ரோனில் ஒட்ட வேண்டும். ஒட்டினேன். ஒரு நாட்டில் பதிந்தால் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் செல்லும் என்பது ஓர் ஆறுதல். இதில் வேடிக்கை என்னவென்றால், இறக்கைகளைச் சுற்றிக் காப்பு வளையம் மாட்டினால் எடை 250-ஐத் தாண்டிவிடும். பிறர் மேல் பட்டாலும் காயமாகாமல் இருக்க ஒன்றை மாட்டியதற்காக, கட்டுப்பாடு அதிகமுள்ள பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஜப்பான் கதை இன்னும் மோசம். அங்கே எல்லை 200 கிராம் என்பதால் மேவிக் மினி என்ற 249 கிராம் ட்ரோனை அந்த நாட்டுக்கென்றே சின்ன பேட்டரி வைத்து 199 கிராமில் விற்றார்கள். 2022 ஜூன் 20 முதல் எல்லை 100 கிராம் ஆனது. இளைத்த உடம்போடு அதுவும் பதிவு வரிசையில் போய் நின்றது. நான் கியோத்தோவுக்கு ட்ரோன் இல்லாமலே போய் வந்தேன்.

இயந்திரத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கடற்காற்றில் தள்ளாடினாலும் படம் ஆடவில்லை. ஒரு பேட்டரிக்கு அரை மணி நேரம் பறக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் இறக்கிவிடுவது என் பழக்கம்.

எதிர்பாராத மகிழ்ச்சி நியூசிலாந்தில் கிடைத்தது. அங்கும் இந்த 249-ஐ யாரும் சட்டை செய்யவில்லை. யாருடைய நிலத்துக்கு மேல் பறக்கவிடுகிறோமோ அவரிடம் கேட்டாக வேண்டும், அதுதான் விதி. தேசியப் பூங்காக்களுக்குத் தனி அனுமதி. சலித்துக்கொண்டே ஒட்டாகோ பகுதியில் ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன். பெரியவர் ஒருவர் ட்ரோனைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். குட்டி போடும் ஆடுகள் இருக்கும் வயல் பக்கம் மட்டும் வர வேண்டாம், சத்தத்துக்கு மிரளும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, மேட்டிலுள்ள வாயிற்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முழங்கால் வலியாம். ட்ரோனை எழுப்பிப் பார்த்தேன், கதவு அகலத் திறந்து கிடந்தது. திரையில் அதைக் காட்டியபோது அவர் திட்டிய திட்டு எனக்கல்ல, மகனுக்கு. தேநீரும் கிடைத்தது. மூன்று ஆண்டில் நான் எடுத்ததிலேயே அழகில்லாத படம் அந்தக் கதவுதான். இன்னும் அழிக்கவில்லை.

வாங்கலாமா என்றால், வேண்டாம். பறக்கும் நேரத்தைவிட விதி படிக்கும் நேரம் அதிகம். அந்த ஒரு கிராமுக்காகவெல்லாம் காசு கொடுக்காதீர்கள். நண்பருக்கு இரவலும் தரவில்லை. அக்டோபரில் மறுபடி ஒட்டாகோ போகிறேன். கூடுதலாக ஒரு பேட்டரிக்குச் சொல்லியிருக்கிறேன்.